நான் தோற்றதாக அறிவிக்கக் கோருவது

அனுப்புநர்:
வ. காத்தவராயன்,
லேத் தொழிலாளி,
சண்முகாபுரம், புதுச்சேரி-9.

பெறுநர்:
சங்கங்களின் பதிவாளர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: தட்டாஞ்சாவடி ஏழு பட்டறைத் தொழிலாளர் நலச் சங்கத் தலைவர் தேர்தலில் அமெரிக்க முறை தவறாகக் கையாளப்பட்டது – அதனால் வென்ற நான் அந்த வெற்றியை நீக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தேர்தலில் தோற்றவர்கள் மனுக் கொடுப்பதே வழக்கம். நான் வென்றவன். ஆகையால் இதைப் பிரித்ததும் ஏதோ கிறுக்கன் எழுதியது என்று தாங்கள் ஒதுக்கிவிடாமல் கடைசி வரை படிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

2. எங்கள் சங்கத்திற்குத் தொழிற்பேட்டைக்குள் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை இருக்கிறது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் அதிகாரம் விதிப்படி தலைவருக்கு மட்டுமே. இந்த ஆண்டு முதன்முறையாக இருவர் போட்டியிட்டோம். கொட்டகையில் கேரம் போர்டு வைப்பேன் என்று நான் சொன்னேன். பிளாஸ்டிக் குடம் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கும் அஞ்சலாட்சி அவர்கள், அங்கே கைக்குழந்தைகளுக்குக் காப்பகம் வைப்பேன் என்றார்கள். அந்தப் பட்டறையில்தான் ஆள் அதிகம், பெரும்பாலோர் பெண்கள். எந்திரத்துக்குப் பக்கத்திலேயே தூளி கட்டிப் பிள்ளைகளைப் போட்டுவிட்டு வேலை செய்கிறார்கள்.

3. பெரிய பட்டறை ஒன்றே எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று சின்னப் பட்டறைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் செயலாளர் கிருஷ்ணசாமி அவர்கள் நல்ல மனிதர், ரேடியோப் பித்தர். அமெரிக்கத் தேர்தல் முடிந்த வாரம் அது. வெளிநாட்டு ஒலிபரப்பில் அதைப் பற்றிய விளக்கத்தைக் கேட்டிருக்கிறார். பொதுக்கூட்டத்தில் எழுந்து, “அமெரிக்காவுல ஆளுக்காள் எண்ண மாட்டான். மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. அவ்ளோ பெரிய நாடே அப்படிப் பண்றான், நம்ம தட்டாஞ்சாவடிக்கு என்னா கொறைச்சல்?” என்றார். பட்டறைக்கு ஒரு ஓட்டு என்றதும் எல்லாரும் தலையாட்டினோம். அஞ்சலாட்சி அவர்களும் ஆட்டினார்கள். யாருக்கும் எதுவும் புரியவில்லை என்பதே உண்மை.

4. கடந்த 27-11-88 ஞாயிறு அன்று பட்டறைக்கு ஒரு பிஸ்கட் டின் வைத்து ஓட்டுப் போட்டோம். நான்கு டின்களில் நான் முந்தினேன், மூன்றில் அவர்கள். நாலுக்கு மூன்று என்று எனக்கு மாலை போட்டார்கள். மாலையோடு நின்றுகொண்டே சும்மா ஒரு ஆசைக்கு மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தேன். அவர்களுக்கு 118, எனக்கு 74. மாலை கழுத்தில் கனத்தது ஐயா.

5. அன்று மாலை என் மனைவி ராஜாம்பாள், தானும் அஞ்சலாட்சிக்குத்தான் போட்டதாக நேராகவே சொன்னாள். அவளும் அதே குடப் பட்டறையில்தான் வேலை செய்கிறாள். “ஒனக்குப் போட்டா கேரம் போர்டு வரும் மாமா. புள்ளைக்கு எடம் வருமா?” என்று கேட்டாள்.

6. ஆனால் அமெரிக்கக்காரன் இவ்வளவு முட்டாளா என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா சின்னக்கண்ணு இருக்கிறார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். இந்த ஆண்டு பிரான்சு நாட்டு ஜனாதிபதிக்கு இங்கிருந்தே ஓட்டுப் போட்டவர். அவரைக் கேட்டேன். “எங்களுது ஆளுக்கு ஒரு ஓட்டுப்பா. யாரும் பாதிய தாண்டலன்னா முன்னால நிக்கிற ரெண்டு பேருக்கு மட்டும் இன்னொரு சுத்து. நடுவுல புரோக்கர் கெடையாது. அமெரிக்காக்காரன் கதைய அவனத்தான் கேக்கணும்” என்று கையை விரித்தார்.

7. பிறகு ஷிப்டு முடிந்ததும் நூலகத்துக்குப் போய்வந்தேன். அங்கே இருந்த நூலகர் பொறுமையாக ஒரு புத்தகத்தை எடுத்து விளக்கினார். அறிந்தது இது. அமெரிக்க மக்கள் ஜனாதிபதிக்கு நேராக ஓட்டுப் போடுவதில்லை. தங்கள் மாநிலத்தின் சார்பில் வாக்களிக்கும் ஆட்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். மக்கள்தொகைப்படி கீழ்ச்சபையில் எத்தனை இடமோ அத்தனை, அதோடு மேல்சபைக்கு இரண்டு, என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆட்கள். பெரிய மாநிலத்துக்கு நிறைய, சின்ன மாநிலத்துக்குக் கொஞ்சம். மொத்தம் 538 பேர். 270 கிடைத்தால் ஜனாதிபதி. பெரும்பாலும் ஒரு மாநிலத்தில் ஒரு ஓட்டு முந்தினாலும் அந்த மாநிலத்து ஆட்கள் அத்தனை பேரும் அவருக்கே. நம் நாட்டு ஜனாதிபதியை எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் தேர்ந்தெடுக்கும்போதுகூட மாநிலத்து ஜனத்தொகை கணக்கில் வருகிறதாம். இத்தனை வயதுக்கு இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

8. அப்படியானால் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்பது எங்கிருந்து வந்தது? அதுவும் அதே பக்கத்தில் இருந்தது. யாருக்கும் 270 கிடைக்காவிட்டால் மட்டும் கீழ்ச்சபை கூடி, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்று முடிவு செய்யுமாம். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக அதற்குத் தேவையே வரவில்லையாம். எங்கள் செயலாளரின் ரேடியோவில் முன்பாதியை இரைச்சல் தின்றுவிட்டது. பின்பாதியை வைத்துத்தான் எங்கள் தேர்தல் நடந்திருக்கிறது. அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. சொன்னபோது அவரே, “அட, ஆமாம்ல” என்று தலையைச் சொறிந்தார். ஆனால் பொதுக்கூட்டம் ஏற்றதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்கிறார்.

9. மறைக்காமல் இதையும் சொல்லவேண்டும். அசல் அமெரிக்க முறையிலும் குறைந்த ஓட்டுப் பெற்றவர் ஜெயிக்க இடமுண்டு. சரியாக நூறு ஆண்டுக்கு முன்பு, 1888-இல், அப்படி ஒருவர் ஜனாதிபதி ஆனாராம். அவர் வீட்டில் அன்று என்ன பேச்சு நடந்தது என்று புத்தகத்தில் இல்லை.

10. தலைவரான நீயே காப்பகம் வைத்துவிட்டுப் போயேன் என்று தாங்கள் கேட்கலாம். கேரம் போர்டு என்று நம்பித்தான் அந்த 74 பேர் எனக்குப் போட்டார்கள். வாங்கிக்கொண்டு வாக்கு மாறினால் நான் மனுஷன் இல்லை. ராஜினாமா செய்தால் துணைத்தலைவர் வருவார். அவர் கேரம் போர்டை இப்போதே வாங்கி வந்து கொட்டகையில் சாய்த்து வைத்திருக்கிறார். எனவே தங்கள் உத்தரவு ஒன்றுதான் வழி.

11. கடந்த வெள்ளிக்கிழமை குடப் பட்டறையில் பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும்போது ஒரு துண்டு தெறித்து, தூளியில் கிடந்த என் மகள் கன்னத்தைக் கிழித்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். இன்னும் ஒரு விரல்கடை மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜாம்பாள் திங்கட்கிழமை மறுபடியும் அதே பட்டறைக்குத்தான் போனாள். தூளி கட்ட வேறு இடம் இல்லை.

12. அமெரிக்காவில் ஜெயித்தவர் ஜனவரி இருபதாம் தேதிதான் பதவி ஏற்பாராம். நான் பொங்கலன்று ஏற்கவேண்டும். அதற்குள் ஏழு டின்களையும் தங்கள் முன்னிலையில் ஒன்றாகக் கொட்டி எண்ணச் செய்து, நான் தோற்றேன் என்று எழுத்தில் அறிவித்து, கொட்டகைச் சாவியை அஞ்சலாட்சி அவர்களிடம் ஒப்படைக்க ஆணையிடுமாறு தங்களை இரந்து கேட்டுக்கொள்கிறேன்.

13. வரும் திங்கட்கிழமை அந்த 538 பேரும் அவரவர் மாநிலத்தில் கூடி ஓட்டுப் போடுகிறார்களாம். ஒருவர் வாக்குக் கொடுத்தபடி போடாமல் மாற்றிப் போட்டுவிட்டால் என்ன செய்வார்கள்? புத்தகத்தில் தெளிவாக இல்லை. தங்களுக்குத் தெரிந்திருந்தால் ஆணையின் ஓரத்தில் ஒரு வரி எழுதினால் நன்றியுடையவனாவேன்.

இடம்: புதுச்சேரி
நாள்: 14-12-1988

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
வ. காத்தவராயன்
(74 ஓட்டுப் பெற்ற தலைவர்)

மேலே கண்டவை உண்மை என்பதற்குச் சாட்சி:
கா. ராஜாம்பாள்
(அந்த 118-இல் ஒருத்தி)