மத்தியான மாத்திரை

காயல்பட்டினம்
22.02.2026

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி. போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். உம்மாவின் போனில் கூப்பிட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எனக்கு இருபத்தொன்பது வாரம். போன செவ்வாய்க்கிழமை வயிறு கல்லாக இறுகியது. விட்டது, மறுபடி இறுகியது. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பிள்ளையின் நுரையீரலுக்காக ஊசி போட்டார்கள். இறுக்கம் வராமலிருக்க நிஃபெடிபின் மாத்திரை கொடுத்து, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் மாப்பிள்ளை அஃப்ஸலுக்கு துபாயில் லீவு கிடைக்கவில்லை.

நீ மருத்துவக் கல்லூரியில் இதைத்தானே நடத்துகிறாய்? வயிறு ஏன் இறுகுகிறது, மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று எழுது. தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும்.

பிள்ளை தங்க வேண்டும், அதற்காக மீதமுள்ள நோன்பில் ஒன்றையும் விடமாட்டேன் என்று நேர்ச்சை வைத்திருக்கிறேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை, நோன்பு திறக்கும்போது இரண்டு. கணக்கு சரியாகிவிடுகிறது.

அன்று நான் பேசியதற்குத்தான் இது வந்ததோ என்று நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

லுப்னா

*

சென்னை
24.02.2026

லுப்னா,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதத்தைப் படித்த கையோடு உம்மாவுக்குப் போன் செய்து, உன்னை மத்தியான மாத்திரையை விழுங்க வைக்கச் சொல்லி, டாக்டரிடம் கூட்டிப் போகவும் சொன்னேன். “நா சொன்னா கேக்குதாளா? நோன்பு நோன்புன்னு ஒரே பிடியா நிக்கா” என்று உம்மா அழுதாள். காரணத்தை மட்டும் நீ என் கையெழுத்தில் படித்துக்கொள்.

கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. கைத்தசை நீ சொன்னால் கேட்கும். இது யார் சொல்லியும் கேட்காது. அந்தத் தசைச் செல்லின் மேல்தோலில் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அவை திறந்தால் கால்சியம் உள்ளே வரும். கால்மாடுலின் என்கிற புரதம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நொதியை எழுப்பும். அந்த நொதி மயோசின் இழையில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். ஒட்டியதும் மயோசின் பக்கத்திலுள்ள ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கும். கோடிக்கணக்கான செல்கள் சேர்ந்து இழுத்தால் உன் வயிறு இறுகும். தளர வேண்டுமென்றால் கால்சியம் வெளியேற வேண்டும், இன்னொரு நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்ற வேண்டும்.

உன் மாத்திரை அந்த வாசலை அடைக்கிறது. சில மணி நேரத்தில் இரத்தத்தில் மருந்து குறைந்தால் வாசல் மறுபடி திறக்கும். மத்தியானம் நீ விட்டதை மாலையில் இரண்டாகப் போட்டு ஈடுகட்ட முடியாது. இரத்தக் குழாயின் சுவரிலும் இதே வகைத் தசைதான். அது அளவுக்கு மேல் தளர்ந்தால் இரத்த அழுத்தம் விழும். தலை சுற்றியிருக்குமே, அதை ஏன் எழுதவில்லை?

விட்ட நோன்பைப் பிள்ளை பிறந்த பிறகு களாவாகப் பிடித்துக்கொள்ளலாம். மதரஸாவில் என்னைவிட நன்றாக ஓதியவள் நீ. உனக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

அன்று பேசியதைப் பற்றி எழுதாதே.

ருஷ்தா

*

காயல்பட்டினம்
28.02.2026

அன்புள்ள ராத்தாவுக்கு,

தலை சுற்றியது உண்மைதான். குளியலறையில் விழப் பார்த்தேன், உம்மா பிடித்துக்கொண்டாள். டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். நோன்பை விட்டுவிட்டேன். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு சோறு தின்கிறேன். இறுக்கம் நின்றபாடில்லை, ஆனால் குறைந்திருக்கிறது.

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் பிள்ளை தங்காமல் போய், துக்கம் கேட்க வந்த பெண்களுக்கு நடுவில், “ஊருக்கெல்லாம் பாடம் நடத்துதா, தன் வயித்தைப் பிடிச்சு வைக்கத் தெரியலையே” என்று சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சாதித்தேன். அது பொய். அடுத்த அறையில் இருந்த உன் காதில் விழ வேண்டும் என்றே சொன்னேன். நீ படித்தாய், நான் படிக்கவில்லை, அந்தப் பொறாமைதான்.

லுப்னா

*

காயல்பட்டினம்
27.03.2026

ராத்தா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. ஆனால் தினமும் மத்தியானம் உம்மாவுக்குப் போன் செய்து, நான் மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாயாம். என்னிடம் சொல்லக்கூடாது என்றும் சொன்னாயாம். உம்மாவுக்கு வாய் நிற்குமா?

நாளை மறுநாள் முப்பத்துநான்கு வாரம். அத்தோடு மாத்திரையை நிறுத்தப் போகிறார்கள். நிறுத்திய அன்றே வலி வந்தால் என்ன செய்வது? எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. நீ வர வேண்டும். கேட்க எனக்கு முகமில்லை, இருந்தும் கேட்கிறேன்.

லுப்னா

*

சென்னை
30.03.2026

லுப்னாவுக்கு,

மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. உன் மேல் கோபம் இருக்கிறது. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அதைவிட அதிகமாக இருக்கிறது.

வலி வந்தால் ஒன்றை நினைவில் வை. ஒவ்வொரு இறுக்கத்துக்குப் பிறகும் தசை தளரும். அந்த இடைவெளியில்தான் பிள்ளைக்கு இரத்தம் தடையில்லாமல் போகும். அப்போது மூச்சை அடக்காதே.

எனக்கு வலி வந்தபோது இதெல்லாம் வரி பிசகாமல் தெரியும். மாத்திரையும் நேரம் தவறவில்லை. நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. ஏன் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை திருச்செந்தூர் ரயிலில் ஏறுகிறேன். வெள்ளிக்கிழமை காலை உன்னோடு இருப்பேன்.

அவனுக்கு அம்மார் என்று பெயர் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்கு மகன் பிறந்தால் வேறு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வை. இது மட்டும் அவனுடையது.

உன் ராத்தா