வாசல் விளக்குக்கு வந்த தட்டான்கள்

அக்டோபர் 14

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேதி போடவில்லை. கடிதம் என்றால் தேதி வேண்டும். கான்வென்டில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

முழங்கால் பரவாயில்லை. வாசலில் தினமும் தட்டான்கள் செத்துக் கிடக்கின்றனவே, என்ன நோய் என்று கேட்டிருந்தேன். நோயில்லை, விளக்குதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். பூச்சிகளை ஆராய்வதுதான் உன் வேலை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நேற்று பொழுது சாய்ந்ததும் நானே பின்பக்கக் குளத்துக்குப் போனேன். வெளிச்சம் எட்டாத கோரைகளில், தாளுக்கு ஒன்றாக, அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. விரலால் தொட்டேன், பறக்கவில்லை. இன்று விடிந்ததும் மறுபடி போனேன். இறக்கைகளை வெடவெடவென்று நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிளம்பின. வாசலுக்கு வந்தவை மட்டும் இரவெல்லாம் விளக்கைச் சுற்றிவிட்டு, படியில் விழுந்து கிடந்தன.

அந்த விளக்கு எதற்கென்று உனக்குத் தெரியும். கப்பலோடு காணாமல் போனவன் எந்த நேரத்தில் வந்தாலும் வாசல் இருட்டாக இருக்கக்கூடாது. போன வாரம் வந்த எலக்ட்ரீஷியன், "மாசத்துக்கு ஒரு பல்பாம்மா? பகல்லயும் எரியவிட்டு சூரியனுக்கே போட்டியா நிக்கிறீங்களே" என்றான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசிப் பத்தியில் நீ கேட்டிருப்பதற்கு வருகிறேன். உன்னோடு வேலை செய்பவர் உன்னை மணக்க விரும்புகிறார். "அம்மா சரின்னாதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டாயாம். நான் சரி என்றால், என் மகன் இனி வரமாட்டான் என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும். வேறு யார் கேட்டிருந்தாலும் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

இன்று மாலை விளக்கை அணைத்துவிட்டேன். கை திரும்பவும் சுவிட்சுக்குப் போனது. அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். வாசல் இருக்குமிடமே தெரியவில்லை.

அவரிடம் சொல்லிவிடு, எனக்குச் சம்மதம். உன் கணவனின் சட்டைகள் அலமாரியிலேயே இருக்கும். அதைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

நீ நிறைவாக வாழ வேண்டும், மகளே. உன் மடியில் குழந்தை தவழ வேண்டும். கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேருமாக வாருங்கள். பொழுதிருக்கும்போதே வந்துவிடுங்கள். இருட்டிய பிறகு யாருக்காகவும் காத்திருக்க இனி என்னால் முடியாது.

உன் அம்மா