பார்சலில் எழுதிய விலாசம்

1986 மார்ச் 9, ஞாயிறு

பிளெய்ன்ஸ்பரோ, அமெரிக்கா. அக்கா வீடு. இன்றும் அத்தானின் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். பன்னிரண்டு தேத்தண்ணி கொடுத்தேன். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊரில் தங்கள் இயக்கத்தைத் தவிர மற்ற இயக்கக்காரர் எல்லாம் துரோகிகள் என்று அத்தான் மேசையில் அடித்தார். அப்படி ஒரு மற்ற இயக்கத்தில்தான் எங்கள் அண்ணா இருக்கிறார். அக்கா குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டே இருந்தார். கறிக்கு அவ்வளவு வெங்காயம் தேவையில்லை.

மார்ச் 22

அண்ணாவின் கடிதம் வந்தது. பக்கத்துத் தெருத் திரேசா அன்ரி வீட்டுக்குத்தான் எழுதுவார். இங்கே வந்தால் அத்தான் உடைத்துப் பார்ப்பார். அத்தானின் இயக்கத்துக்கும் அவருடைய இயக்கத்துக்கும் முறுகிவிட்டதாம். யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் ஒரு வாத்தியார் வீட்டில் ஒளித்திருக்கிறார். “மூச்சு இழுப்பு கூடிப்போச்சு, பிள்ளை. மருந்துப் பம்ப் ஒண்டு அனுப்பு. நான் நிக்கிற இடம் உனக்கும் அக்காவுக்கும் மட்டும்.”

ஏப்ரல் 12

நாளைக்குத் திரேசா அன்ரி ஊருக்குப் போகிறார். பம்பைப் பழைய வேட்டித் துணியில் வைத்துத் தைத்தேன். துணியில் பெயரும் முழு விலாசமும் எழுதாத பார்சலை அன்ரி தொடமாட்டார். “போன முறை ஆரின்ரையோ சீலை ஆருக்கோ போய் நான் பட்ட பாடு!”

அண்ணாவின் பெயரிலேயே எழுதினேன்: அரியரட்ணம், வாத்தியார் வீடு, கோப்பாய். என் எழுத்து வடிவு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, அக்காவின் பிள்ளையைப் பார்க்க வந்தவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

ஏப்ரல் 13

அன்ரியை ஏர்போர்ட்டில் விட்டது அத்தானாம். பார்சல்களைக் காரில் ஏற்றியதும் அவர்தான். திரும்பி வந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை?

ஏப்ரல் 14

வருசப்பிறப்பு. வேலைக்குப் போகமுன் அத்தான் லண்டனில் இருக்கும் தன் இயக்கக்காரருக்கு போன் எடுத்தார். “கோப்பாய்... ஓம், வாத்தியார் வீடு. என்ர மச்சான்தான். அடிக்கவேண்டாம், சும்மா பயம் காட்டி வெருட்டி விடுங்கோ.”

பிள்ளைக்கு ஊட்டிய பொங்கல் என் கையிலேயே காய்ந்துவிட்டது. கடவுளே, நான் ஏன் அதை எழுதினனான்? அம்மாவின்ர விலாசத்தைப் போட்டிருக்கலாமே—

அக்காவிடம் சொன்னேன். அந்த வாத்தியார் வீட்டில் போன் இல்லை. அண்ணாவை அங்கிருந்து கிளப்பத் தந்தி அடித்தோம்: அம்மாவுக்குச் சுகமில்லை, உடனே வீட்டுக்குப் போ.

மே 2

ஊரிலிருந்து ஒரு செய்தியும் இல்லை.

மே 11

அன்ரி வந்துவிட்டார். பார்சலும் வந்துவிட்டது. தையல் பிரிக்கவில்லை.

“கொழும்பில ஒரு கிழமை நிண்டிட்டு நான் போய்ச் சேர இரண்டு நாளைக்கு முந்தி வந்து கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள். தந்தி பிறகுதான் வந்ததாம். உன்ர அம்மாவிட்ட உடம்பைக்கூடக் குடுக்கேல்லை, பிள்ளை.”

அத்தான் கதிரையில் இருந்தபடி, “வெருட்டத்தான் சொன்னனான்” என்றார். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

மே 12

அக்கா அவருக்குச் சாப்பாடு போடுகிறார். தட்டை வைத்ததும் குசினிக்குள் போய்விடுகிறார்.

ஜூலை 6, ஞாயிறு

அன்ரிக்குத் தெரிந்த ஒருவர் ஊருக்குப் போகிறார். அத்தான் தன் தம்பிக்கு ஒரு சோடிச் சப்பாத்து வாங்கி, துணியில் தைத்துக்கொண்டு வந்து பேனையை நீட்டினார். “மலர், உன்ர எழுத்துத்தான் வடிவு. தம்பியின்ர விலாசத்தை எழுதிவிடு.”

எழுதினேன். அரியரட்ணம், வாத்தியார் வீடு, கோப்பாய். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

அத்தான் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு கார்ப்பெட்டிலேயே குந்திவிட்டார்.

“எனக்கு வேற விலாசம் தெரியாது” என்றேன். அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியது இதுதான் முதல் தடவை.

குசினிக்குள் வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.