மகள் தலைக்கு வேண்டிய மொட்டை

திருத்தணி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சௌமியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் நைனாவுக்குச் சளி குறைந்துவிட்டது. மழை விடாமல் பெய்கிறது, வேர்க்கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. சுற்றி வளைக்கிறேன், எனக்கே தெரிகிறது.

உன் அறையில் இருக்கும் அரக்கோணத்துப் பெண் சுசித்ரா போன் செய்தாள். "அவ கிளாசுக்கே வர்றதில்ல ஆன்ட்டி, துப்பட்டாவ தலைல சுத்திகினு ரூம்லயே படுத்துகினு இருக்கா" என்றாள். வகுப்பில் எவனோ உன் தலையைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினானாம். படிப்பே வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்கிறாயாம்.

கோயம்புத்தூரில் சீட் கிடைத்தால் மொட்டை போடுகிறேன் என்று மலைக்குப் போய் வேண்டிக்கொண்டேன். யாருக்கு மொட்டை? உனக்கு! உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிப்பு முடிந்ததும் போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினாய். சாமி குத்தமாகிவிடும் என்று மிரட்டி, ஆடிக் கிருத்திகைக்கு வரவழைத்து, உட்கார வைத்து, நானே உன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உன் வேண்டுதலுக்கு உன் தலையைக் கொடுத்திருக்க வேண்டியதுதானே என்று நைனா என்னைக் கேட்கிறார்.

போன வாரம் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி உன்னைப் பார்க்க வந்தேன். அப்பப்பா, அது என்ன ஊர்! திரும்பின பக்கமெல்லாம் காலேஜ். கண்டக்டரிடம் காலேஜ் ஸ்டாப் என்றேன், எந்தக் காலேஜும்மா என்று பஸ்ஸே சிரித்தது. வாசலுக்கு வாசல் பெண்பிள்ளைகள், கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு கலகலவென்று போகிறார்கள். உன் ஹாஸ்டலிலிருந்து நீ வந்தாய். துப்பட்டாவைக் கண் வரை இழுத்துவிட்டு, சுவர் ஓரமாகவே நடந்து கடைக்குப் போனாய். நான் ஜெராக்ஸ் கடைக்குள் ஒளிந்துகொண்டேன். பெற்ற மகளின் எதிரே வர முகமில்லாமல் அப்படியே திரும்பிவிட்டேன். உனக்குக் கொண்டுவந்த அதிரசத்தை ரயிலில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தேன்.

படிப்பை விடாதே கண்ணு. நீ படிக்க வேண்டும் என்றுதான் வேண்டினேன், அந்த வேண்டுதலே உன் படிப்பைக் கெடுத்தது என்று ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்? தீபாவளிக்கு நீ வராவிட்டாலும் சரி, என்னோடு பேசாவிட்டாலும் சரி. திங்கட்கிழமை வகுப்புக்குப் போ. துப்பட்டாவைத் தலையிலிருந்து எடுத்துவிட்டுப் போ. யாராவது கேட்டால் எங்கம்மா செய்த வேலை என்று நிமிர்ந்து சொல். தலை குனிய வேண்டியவள் நான், நீயில்லை.

நன்றாக இரு.

உன் அம்மா,
சுஜாதா