எண்ணாமல் விட்ட கடிகள்

அனுப்புநர்:
முதல் பார்வையாளர் (முனைவர் பட்ட ஆய்வு மாணவி, நான்காம் ஆண்டு),
நடத்தைப் பகுப்பாய்வு ஆய்வகம்,
உளவியல் துறை, இரண்டாம் தளம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தலைமை அலுவலகம்.

பொருள்: ஆய்வகத்தில் ஏழு வயதுச் சிறுமிக்கு ஏற்பட்ட காயம் – என்மீதே நான் அளிக்கும் புகார் – உடன் ஆய்வு மாணவர் மீதான தடையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி மாணவர் ஓராண்டுக்கு ஆய்வகத்துக்குள் நுழையக் கூடாது என்ற தங்கள் அலுவலக ஆணை. (மறுபரிசீலனை கோரக் கடைசி நாள்: நாளை, வெள்ளிக்கிழமை.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவில் புகார் கொடுப்பவளும் நான், புகாருக்கு உள்ளானவளும் நான். தங்கள் அலுவலகப் படிவத்தில் இதற்கு இடமில்லை என்று முகப்பில் இருக்கும் எழுத்தர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதினால் மேலே தன்னைத்தான் திட்டுவார்கள் என்றார். அவர் மீது குறையில்லை. அதனால் வெள்ளைத் தாளில் எழுதுகிறேன்.

1. எங்கள் ஆய்வகத்துக்கு வாரம் ஐந்து நாள் ஒரு சிறுமியை அவள் தாய் அழைத்து வருவார். சிறுமிக்குப் பேச்சு வரவில்லை. களைத்துப்போனாலோ கொடுத்த வேலை பிடிக்காவிட்டாலோ தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வாள். அதற்குப் பதிலாக, 'போதும்' என்று எழுதிய மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டக் கற்றுக்கொடுத்தோம். அவள் நீட்டிய நொடியே வேலையை நிறுத்தி, ஒரு நிமிடம் அவளை அவள்பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். கற்றுக்கொடுத்தவர் என் உடன் ஆய்வு மாணவர். என்னைவிட இரண்டு ஆண்டு இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு அமர்வுக்கு நாற்பது என்றிருந்த கடி, மூன்று வாரத்தில் இரண்டு, ஒன்று என்று இறங்கியது. தாய் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

2. அட்டையால்தான் மாற்றம் வந்தது என்று நிரூபிக்க எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று நாள் அமர்வுகளுக்கு அட்டைக்கு மதிப்புக் கொடுக்காமல் நிறுத்திப் பார்க்க வேண்டும். சிறுமி அட்டையை நீட்டுவாள், பயிற்சி தருபவர் கண்டும் காணாததுபோல் அடுத்த வேலையைக் கொடுப்பார். கேட்கவே கொடுமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதற்கு ஓர் எல்லை வைத்தோம்: ஒரே அமர்வில் ஐந்து கடி விழுந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும், அந்தக் கட்டமே அத்தோடு முடிந்துவிடும். தாய் அந்த 'ஐந்து' என்ற எண்ணை நம்பித்தான் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டார். உள்ளே இருப்பவர் தாமாக எண்ணவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரும் பார்வையாளர் எண்ணி, ஐந்து ஆனதும் கதவைத் தட்ட வேண்டும். அந்தப் பார்வையாளர் நான். ஆய்வகத்தில் எனக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். ஒரு கடிகூடக் கூட்டியும் போட மாட்டேன், குறைத்தும் போட மாட்டேன் என்று வைத்த பெயர். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது.

3. நிறுத்திப் பார்க்கும் கட்டத்தின் முதல் நாள், தாய் மகளின் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே வரை நீட்டித் தைத்துப் போட்டு அழைத்து வந்திருந்தார். "பல்லு பட்டா எரியுதும்மா அவளுக்கு. அதான் ரெட்டைத் துணி வச்சுத் தைச்சேன். நீங்க பாத்துக்கோங்க" என்று என்னிடம்தான் சொன்னார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

4. கடி என்றால் என்ன என்பதற்கு எங்கள் கோப்பில் வரையறை இருக்கிறது. எழுதியது நான்தான்: 'பற்கள் தோலில் படுதல்.' அன்று சிறுமி அட்டையை நீட்டினாள், யாரும் வாங்கவில்லை, கடித்தாள். பல் துணியில் பட்டது. தோலில் படவில்லை. என் கையில் இருந்த எண்ணும் கருவியை நான் அழுத்தவில்லை. இருபது நிமிடமும் அழுத்தவில்லை. தாளில் பூஜ்யம் என்று எழுதினேன். மறுநாளும் பூஜ்யம். சட்டைக் கை நனைந்து முழங்கை வரை ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். தாளின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு, விரல் அகலம்தான். நான்கு வார்த்தை எழுதியிருந்தால் மாலையில் தாளைப் பார்க்கும் எங்கள் பேராசிரியர் அன்றே நிறுத்தியிருப்பார். அதைக் காலியாக விட்டேன்.

5. தெரியாமல் செய்துவிட்டேன் என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. தெரிந்துதான் செய்தேன். வரையறையை நடுவில் மாற்றினால் அதற்கு முன் எடுத்த பதிவு அத்தனையும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும், என் ஆய்வேட்டின் நான்காம் இயல் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். பூஜ்யமே வந்தாலும், அட்டையை நிறுத்திய பிறகும் பலன் நிலைக்கிறது என்று அந்த இயலை எழுதி முடித்துவிடலாம். இரண்டு நாள் தாண்டிவிட்டேன், இன்னும் ஒரே நாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பூஜ்யம் என்று எழுதும்போது பொய் சொல்கிற உறுத்தல்கூட இல்லை. வரையறைப்படி அது சரி. அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன் ஐயா, என்ன மனுஷி நான்!

6. மூன்றாம் நாள், எட்டாம் நிமிடம். சிறுமி அட்டையை நீட்டவில்லை. மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பிறகு கடித்தாள். உடன் மாணவர் எழுந்தார், அந்த அட்டையைத் தாமே எடுத்துக்கொண்டார், வேலைச் சாமான்களைப் பெட்டியில் போட்டார், கதவைத் திறந்து தாயைக் கூப்பிட்டார். சட்டைக் கையை மேலே சுருட்டியபோது துணியின் உட்புறம் தோலோடு ஒட்டியிருந்தது. துணி பல்லைத் தடுத்ததே தவிர அழுத்தத்தைத் தடுக்கவில்லை. ஈரம் மூன்று நாளாகப் பழைய காயத்தைப் புண்ணாக்கியிருந்தது. நடைக்கூடத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தவில்லை. "அக்கா, நீங்க எண்ணிட்டு இருக்கீங்கன்னு நெனச்சுதான் ரெண்டு நாள் பொறுத்தேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

7. விதியை மீறி அமர்வை நிறுத்தினார், ஆய்வைக் கெடுத்தார் என்று அவர் மீது விசாரணை வந்தது. நடந்ததை அவர் விசாரணைக் குழுவிடம் ஒளிக்காமல் சொன்னார். குழு என் தாளைப் பார்த்தது. எத்தனை கடி பதிவு செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். பூஜ்யம் என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்றும் கேட்டார்கள். இல்லை என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார், நான் மேசை மேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன். குழு ஏமாந்தது என்று சொல்ல மாட்டேன், நான் ஏமாற்றினேன். ஆணையில் 'பார்வையாளரின் பதிவேட்டின்படி அமர்வை நிறுத்த முகாந்திரம் இல்லை' என்று இருக்கிறது. அந்த வரியை நான் எழுதிக் கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளலாம்.

8. தடை வந்து இன்றோடு பத்தொன்பது நாள். அட்டைக்கு மதிப்புக் கொடுக்கும் முறைக்கே திரும்பிவிட்டோம், ஆனால் சிறுமி அட்டையைத் தொடுவதில்லை. மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம். எங்களிடம் நீட்டிப் பயனில்லை என்று கற்றுக்கொண்டுவிட்டாள், நாங்கள்தான் அதையும் கற்றுக்கொடுத்தோம். கடைசியாக அட்டையை வாங்கிக்கொண்டவர் ஒருவர்தான், அவர் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே வர முடியாது. அவர் வழக்கமாக வரும் கதவைப் பார்த்துக்கொண்டு கடிக்கிறாள். போன வாரத்திலிருந்து இடது கையையும் கடிக்கிறாள். எங்கள் பேராசிரியரும் அவர் திரும்பி வந்தால்தான் வழி என்கிறார், ஆனால் ஆணை இருக்கும்போது பேராசிரியரின் கை கட்டப்பட்டிருக்கிறது. ஓராண்டு தள்ளிப்போட இது கட்டட வேலை இல்லை ஐயா, ஒரு குழந்தையின் கை.

9. ஆய்வகக் கேமராவில் பதிவாகி, குழு கேட்டுப் பார்க்காத மூன்று அமர்வின் காணொளியையும் நேற்றும் முந்தாநாளும் உட்கார்ந்து மறுபடி எண்ணினேன், இம்முறை துணியின் மேல் விழுந்ததையும் சேர்த்து. முதல் நாள் பதினொன்று. இரண்டாம் நாள் பத்தொன்பது. மூன்றாம் நாள், அவர் நிறுத்திய எட்டாம் நிமிடத்துக்குள்ளேயே இருபத்தாறு. நிமிட வாரியான தாள் இத்துடன் இருக்கிறது. என் எண்ணிக்கையை நம்பச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, எனவே வேறு துறையிலிருந்து ஒருவரை வைத்துச் சரிபார்க்க வேண்டுகிறேன்.

10. ஆகவே, நாளைய கெடு முடிவதற்குள் உடன் ஆய்வு மாணவர் மீதான தடையை நீக்கி, திங்கட்கிழமை காலை அமர்விலேயே அவரை அந்தச் சிறுமியோடு உட்காரவிட வேண்டுகிறேன். என் பெயரைப் பார்வையாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்த மூன்று தாள்களை வைத்து எழுதிய இயலைத் தள்ளுபடி செய்து, என்மீது எந்த நடவடிக்கை முறையோ அதை எடுக்க வேண்டுகிறேன். குறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

11. இன்னும் ஒரு வேண்டுகோள், இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இந்த மனுவைக் கொடுக்குமுன் தாயிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் தையல் இயந்திரத்தின் பக்கமாகப் பார்த்தபடி, "அப்ப நான் வச்ச துணியாலதானா?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை. நான் சொல்லி எப்படி நம்புவார்? எனவே, அவர் மீது தவறேதும் இல்லை என்று தங்கள் கையெழுத்தோடும் அலுவலக முத்திரையோடும் அவருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். அஞ்சலில் போட வேண்டாம், யாராவது நேரில் கொண்டுபோய், அவர் எதிரில் ஒரு முறை படித்துக் காட்டட்டும். என்னை மட்டும் அனுப்ப வேண்டாம்.

தங்கள் நடவடிக்கைக்கு ஆயத்தமாக,
(ஒப்பம்)
முதல் பார்வையாளர்

இடம்: ஆய்வக வளாகம்
நாள்: 17, வியாழக்கிழமை