ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுபோன விவகாரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையுமில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஏன் போனை எடுப்பதில்லை, உன் மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். எனக்கும் அதே குழப்பம்தான் இருந்தது. நம் மாதா கோயிலில் சாமியார்களும் குடும்பஸ்தர்களும் சேர்ந்து ஓர் ஆன்மிகச் சபை நடத்துகிறார்கள், உன் அம்மா அதில் சேர்ந்த பிறகுதான் இந்தக் கூத்து. வியாழக்கிழமை சாயங்காலம் கோயில் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்றால், ஜெபம் பண்ணோம், வேறென்ன என்கிறாள். பூட்டு ரிப்பேர் செய்தே வயிறு வளர்த்தவன் நான், சாத்தின கதவைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா. நீ போன் போட்டால் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொள்கிறாள், கண் மட்டும் தலையணையிலேயே இருக்கிறது. பெற்ற பிள்ளையை மறக்கச் சொல்லி யாரோ இவள் மனசைக் கலைக்கிறார்கள் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

போன வியாழன் பின்னாலேயே போனேன். கதவு பூட்டக்கூட இல்லை, தள்ளினதும் திறந்துகொண்டது. சாமியார் ஒருவர் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார், நம் தெரு எலக்ட்ரீஷியன் பைபிள் வாசித்துக்கொண்டிருந்தான். மகளோடு பேசக்கூடாதென்று இவளுக்கு யார் சொன்னது என்று நேராகவே கேட்டுவிட்டேன். எல்லாரும் முழித்தார்கள், அப்புறம்தான் உன் அம்மா வாயைத் திறந்தாள். சபையில் சேருகிறவர்கள் ஆளுக்கொரு சாமியாருக்காக வேண்டிக்கொண்டு, தங்களுக்குப் பிடித்த ஒன்றை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட வேண்டுமாம். மற்றவர்கள் காபியை விட்டிருப்பார்கள், டிவியை விட்டிருப்பார்கள். இவள் உன்னோடு பேசுவதை விட்டிருக்கிறாள். அதுவும் இந்த டீ கிளாஸ் சாமியாருக்காக. அவர் ஈரக் கையோடு வந்து, எனக்குத் தாய் இல்லம்மா, இருந்தா தினமும் பேசுவேன், எனக்காக இதை விடாதீங்க, வேற எதையாவது விடுங்க என்றார். உன் அம்மா சரியென்று தலையை ஆட்டினாள்.

அந்தச் சபை மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அடுத்து எதை விடப்போகிறாளோ, என்னோடு சண்டை போடுவதை விட்டுவிட்டால் எனக்குப் பொழுது போகாது. ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே. நீங்கள் இருவரும் பேசும்போது பேப்பரை விரித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேனே, அதில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. அவள் விட்டுக்கொடுத்ததில் என் பங்கும் இருந்தது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. ஆண்டவர் உங்கள் இருவர் கூடவும் இருக்கட்டும். வருகிற ஞாயிறு அவளே கூப்பிடுவாள். பேசி முடித்ததும் வைத்துவிடாதே, அப்பாகிட்ட குடு என்று கேள்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா