மாடிப்படியில் கேட்ட இருமல்

தம்பி,

மாடிப்படியைப் பற்றிய உன் பத்து நிமிடப் படத்தைப் பார்த்துக் குடியிருப்பே திரண்டுவிட்டது. வீட்டுக்காரர் மறுநாளே புதுக் கைப்பிடி போட்டார். “உன் தம்பி சாதிச்சிட்டான்மா!” என்கிறார் கீழ்வீட்டுத் தையல்காரர்.

நானும் நான்கு முறை பார்த்துவிட்டேன்.

அப்பா அந்தப் படியில் விழுந்த பிறகுதான் உடைந்த கைப்பிடியைப் படம் பிடித்ததாகச் சொன்னாய். அப்படியானால் அந்தக் காட்சியில் மாடியிலிருந்து கேட்கும் இருமல் யாருடையது? விழுந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவே இல்லையே. முப்பது வருஷம் கேட்ட இருமலடா அது, எனக்குத் தெரியாதா?

உடைந்திருப்பதை முன்னாடியே பார்த்தும் சும்மா இருந்திருக்க மாட்டாய் என்று மனசுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்க மாட்டேன் என்கிறது.

படத்தில் சேர்க்காமல் வெட்டியதையெல்லாம் எனக்கு அனுப்பு. “அந்தக் கைப்பிடியைப் பிடிக்காதீங்கப்பா” என்று உன் குரல் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பார்க்கிறேன்.

அக்கா